அரைப்பேர்

எங்கள் தோட்டத்துத் தமிழில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கூப்பிட்டு, வேலைக்கு இறங்கியவனுக்குப் பேர் போடுவார்கள். நடுவில் மழை பிடித்துக்கொண்டு வேலை நின்றுபோனால் அரைப்பேர். ஒரு மனிதனின் பெயரை நடுவில் முறித்து, ஒரு பாதியை அவன் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் இந்த ஏற்பாட்டை நான் வேறெந்த மொழியிலும் படித்ததில்லை. நிறையப் படித்திருக்கிறேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று என் மனைவி கேட்பாள். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

ஐம்பதைத் தாண்டிய பிறகு நானே ஓர் அரைப்பேர் ஆனேன். லுக்குட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஆபீசில் அரைநாள் கிராணி. குமாஸ்தாவுக்குத் தோட்டத்தில் அதுதான் பட்டம். என் அப்பா காலத்தில் கிராணி எதிரே வந்தால் ஆட்கள் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்பார்களாம். என் காலத்தில் ஆபீஸ் வாசலில் நாய் படுத்திருந்தால் நான்தான் மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்கி, அதன் தூக்கம் கெடாமல் சுற்றித் தள்ளிக்கொண்டு போகிறேன். காலை ஏழிலிருந்து ஒரு மணி வரை வேலை. அதற்கு முன்பு சிரம்பான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் சூப்பர்வைசராக இருந்தேன். அந்தத் தொழிற்சாலை ஒரு நாள் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. போகும்போது என்னைக் கூப்பிடவில்லை.

தோட்டத்தில் எனக்கு அரைப்பேர் என்று பெயர் வைத்தவன், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். இருவரும் ஒரே லயத்து வரிசைவீடுகளில் பிறந்து, ஒரே தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இப்போது அவன் பெரட்டுக்களத்தில் நிற்கும் ஆட்களில் பாதிப்பேர் வங்காளதேசத்துக்காரர்கள், மீதி இந்தோனேசியர்கள். அவன் மலாயில் திட்டுவான், இந்தியில் திட்டுவான். எந்த மொழியில் திட்டினாலும் அது தமிழ் மாதிரியே ஒலிக்கும். அவர்களும் தமிழ் என்று நினைத்துத்தான் பதில் சொல்வார்கள். ஒரு மணிக்கு நான் ஹெல்மெட்டை மாட்டும்போது அவன் தூரத்திலிருந்தே கத்துவான்:

“என்னா அரைப்பேரு! மழை வந்திருச்சா?”

வானம் பளபளவென்று இருக்கும்.

ஆபீசில் என் வேலைக்கு வேறு பெயர். மலாயில் பகுதிநேர வேலைக்குக் ‘கெர்ஜா சம்பிலான்’ என்பார்கள். சம்பிலான் என்றால் பகுதிநேரம். செம்பிலான் என்றால் ஒன்பது. அந்தக் காலத்தில் ஒன்பது சின்ன ஆட்சிகள் ஒன்றுசேர்ந்ததால் எங்கள் மாநிலத்துக்கு நெகிரி செம்பிலான் என்று பெயர் வந்தது. மலாய்க்காரர் நாக்கில் இரண்டும் வேறு வேறு சொற்கள். நம் ஆட்கள் நாக்கில் இரண்டும் ஒரே சட்டியில் வெந்துவிடும்.

அப்படித்தான் ஒரு குழப்பம் பிறந்தது. எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று, என் மனைவி ராசா என்ற ஊரில் இருக்கும் அவளுடைய சின்னம்மாவுக்குப் போன் போட்டு, “அவருக்கு சம்பிலான் வேலை கெடைச்சிருக்கு” என்றாள். சின்னம்மா காதில் அது செம்பிலான் வேலை என்று விழுந்தது. அதாவது நெகிரி செம்பிலான் அரசாங்க வேலை. வேலை போய் வீட்டில் கிடந்த மாப்பிள்ளைக்கு இந்த வயதில் மாநில அரசாங்க வேலை! அந்த வாரமே ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று கண்ணீரோடு சாட்சி சொல்லிவிட்டார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டார்கள்.

ஒருவர் தவறாகப் பேசினால் திருத்தலாம். தவறாகச் சாட்சி சொன்னால் எப்படித் திருத்துவது? ஆண்டவரைக் கூப்பிட்டு, “நீங்கள் தந்தது அதில்லை, இது” என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதன் பிறகு உறவில் நடக்கும் எல்லாக் கல்யாணத்திலும் யாராவது ஒருவர் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், தன் நிலவரி விஷயமாக ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவைக்கச் சொல்கிறார். நானும் முகத்தைக் கொஞ்சம் இறுக்கி, “பார்க்கலாம்” என்கிறேன். உண்மையான அரசாங்க ஊழியரும் அதைத்தானே சொல்வார்.

ஒரு மணிக்கு மேல் என் பேரில் மீதி இருந்த பாதி எங்கே போனது என்பதைச் சொன்னால்தான் பின்னால் வந்த சங்கடம் புரியும்.

என் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் ஓர் ஓட்டம். பகலில், காலைப் பள்ளி விட்ட பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டு, மதியப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட வேண்டும். அது முடிய இரண்டு மணி. மறுபடி மாலை ஆறு மணிக்கு மேல் ஓட்டம். நடுவில் உள்ள நேரம் அவளுக்கு ஓய்வு.

எங்கள் வீடு தாமான் குடியிருப்பில் கடைசி வீடு. பகலில் அதற்குள் உட்கார முடியாது. ஓட்டுச் சூடு இறங்கி உச்சந்தலையில் உட்காரும். பக்கத்தில் ஒரு ரம்புத்தான் மரம் இருக்கிறது. அதன் கீழே வேனை நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்துவிட்டால் நல்ல காற்று வரும். ஆகவே எங்கள் வரவேற்பறை அந்த வேன்தான். அவள் டிரைவர் சீட்டில் சாய்ந்து, வலிக்கிற முட்டியை நீட்டிப் பக்கத்து சீட்டில் போட்டுக்கொள்வாள். நான் பின்னால் இரண்டாவது வரிசையில், சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த சீட்டில், என் முட்டி என் தாடையை இடிக்கும்படி உட்கார்ந்திருப்பேன். நடுவில் ஒரு பிளாஸ்க் தே-ஓ. பால் இல்லாத அந்தத் தேநீருக்குத் துணையாக லுக்குட் கடையில் நான் வாங்கிவரும் பீசாங் கோரேங். பொரித்த வாழைப்பழத்தைப் பேப்பரில் வைத்துப் பிழிந்து, எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் எனக்குத் தருவாள். மிச்சமிருப்பது பழமா பேப்பரா என்று நாக்குக்குத் தெரியாது.

பேச்செல்லாம் கண்ணாடி வழியாகத்தான். பின்னால் இருக்கும் பிள்ளைகளைக் கண்காணிக்க அவள் ஓர் அகலமான கண்ணாடி மாட்டி வைத்திருக்கிறாள். திரும்பினால் கழுத்து வலிக்கும் என்று அதில் பார்த்தே என்னோடு பேசுவாள். பழக்கதோஷத்தில் சில நேரம், “கைய வெளிய நீட்டாத!” என்று ஓர் அதட்டு வரும். நான் கையை உள்ளே எடுத்துக்கொள்வேன்.

தொழிற்சாலைக் காலத்தில் நானும் அவளும் காவல் மாற்றிக்கொள்ளும் ஜாகாக்கள் மாதிரி வாழ்ந்தோம். நான் ஷிப்ட் முடித்து வரும்போது அவள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போவாள். வாசலில் இருவரும் சந்தித்து, குழம்பு எந்தச் சட்டியில் இருக்கிறது, மகளுக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று அறிக்கை கொடுத்துக்கொள்வோம். அப்படியே ஒரு மகள் வளர்ந்து, படித்து, கல்யாணமாகி அம்பாங்கானுக்குப் போய்விட்டாள். என் மனைவிக்கு இவ்வளவு நகைச்சுவை உண்டு என்பது வேலை போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. என்னைப் பற்றி அவளுக்கு என்ன தெரியவந்தது என்று நான் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கோலா பிலாவிலிருந்து வந்த இளைஞர். என்னை அங்கிள் என்று கூப்பிடுவார், ஆனால் வேலை வாங்கும்போது அந்த உறவைப் பாராட்ட மாட்டார். முழுநேரக் கிராணி ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு என்னைப் போடலாம் என்று அவருக்கு யோசனை. எட்டு மணியிலிருந்து ஐந்து வரை. சம்பளம் கூடும். அதைவிட முக்கியமாக, ஒரு மெடிக்கல் கார்டு கிடைக்கும். அதைக் காட்டினால் நானும் மனைவியும் தனியார் கிளினிக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

“அங்கிள், மாசக் கடைசிக்குள்ள சொல்லிருங்க,” என்றார் மலாயில். “வேற ஆளுங்களும் கேக்குறாங்க.”

மனைவியின் முட்டி கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்த முட்டி. அரசாங்க கிளினிக்கில் அதற்காக அவள் காத்திருந்த நேரத்தை ஒன்றாகச் சேர்த்தால் இன்னொரு முட்டியே முளைத்திருக்கும். நல்ல கணவனாக இருந்தால் அந்த நிமிடமே, சரி சார் என்று கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நான், “யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். மோட்டாரில் வரும் வழியெல்லாம் என்னத்தை யோசிக்கிறோம் என்று யோசித்தேன்.

உண்மை என்னவென்றால் எனக்கு அந்த வேனை விட மனமில்லை. இதை ஓர் ஆண்பிள்ளை எப்படி மேனேஜரிடம் சொல்வது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தப் பகல் நேரம் எனக்கு மட்டும் இனிக்கிறதா? இருபது வருடமாக வீட்டில் இல்லாத ஒருவன் திடீரென்று தினமும் இரண்டு மணிக்கு வந்து, பின் சீட்டில் உட்கார்ந்து, தான் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறான். முன் சீட்டில் இருப்பவள் களைத்துப்போய்க் கண்ணை மூடிக் கிடக்கிறாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாளா, பொறுத்துக்கொண்டிருக்கிறாளா? நான் கேட்டு, அவள், “போங்க, முழுநேரமே போங்க” என்று சட்டென்று சொல்லிவிட்டால்? கார்டு கிடைக்கும். மற்றது போய்விடும்.

ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியுமா? அன்று பிளாஸ்க்கைத் திறந்ததும் சொல்லிவிட்டேன். கண்ணாடியில் அவள் கண் என்னை ஒரு முறை பார்த்தது.

“எத்தனை மணி வரைக்கும்?”

“அஞ்சு.”

“ம்.”

“நீ என்னா சொல்ற?”

“நான் என்னா சொல்றது? உங்க இஷ்டம்.”

கல்யாணமானவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ‘உங்க இஷ்டம்’ என்பது அனுமதி அல்ல. அது ஒரு தேர்வு; கேள்வித்தாள் தரமாட்டார்கள், மதிப்பெண் மட்டும் பிறகு வரும். புடவைக் கடையில் சொன்னால் ஓர் அர்த்தம், மைத்துனர் வீட்டு விசேஷத்தில் சொன்னால் இன்னோர் அர்த்தம். வேனில் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் குனிந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த யாரோ ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் மூடியை எடுத்து டாஷ்போர்டில் வைத்தாள். அதில் ஏற்கனவே நான்கைந்து மூடிகளும் ஒற்றைக் காலுறையும் சொந்தக்காரர்களுக்காகக் காத்திருந்தன.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் வங்கியில் வேலை செய்கிறாள். எந்தக் கேள்விக்கும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

“அப்பா, யோசிக்க என்னா இருக்கு? எடுங்க லா. அம்மா முட்டிய பாருங்க.”

“அம்மா ஒன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?”

“அம்மாவா? ‘அப்பா இஷ்டம்’னு சொன்னாங்க.”

குடும்பம் முழுக்க என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. ஒருவருக்காவது அந்த இஷ்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போய் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ராசாவிலிருந்து சின்னம்மா வந்தார். என் மனைவி மறைத்தாலும் மகள் மறைக்க மாட்டாள், செய்தி போயிருந்தது. கையில் ஒரு பெரிய பை, அதில் முறுக்கும் பைபிளும். உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு முறுக்கை எடுத்து என் கையில் திணித்துவிட்டு ஆரம்பித்தார்.

“என்னா மாப்பிள்ள, எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகப் போறீங்களாமே முழுநேரமா?”

“யோசிச்சிக்கிட்டு இருக்கேன் அத்தே.”

“அப்ப செம்பிலான் வேலை?”

“அத விட்டுட்டுத்தான் இது.”

அவர் கையில் இருந்த முறுக்கு பாதி வழியில் நின்றது.

“கவர்மெண்டு வேலைய விட்டுட்டு எஸ்டேட்டுக்கா? எங்க அப்பா, ஒங்க அப்பா எல்லாம் எஸ்டேட்லருந்து வெளிய வரணும்னு எப்படி முட்டிபோட்டாங்க? ஆண்டவர் கொடுத்ததத் திருப்பிக் கொடுக்கலாமா மாப்பிள்ள?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. நான் வாயைத் திறந்தேன். சமையலறை வாசலில் நின்ற என் மனைவி லேசாகத் தலையை ஆட்டினாள். நான் முறுக்கைக் கடித்தேன். பிறகு சின்னம்மா எங்கள் இருவர் தலையிலும் கை வைத்து, சரியான வழியைக் காட்டும்படி நீண்ட ஜெபம் செய்தார். நடுவில் நெகிரி செம்பிலான் மாநில அரசுக்காகவும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். வேண்டுதல் எந்த விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தெரியவில்லை.

அவர் போன பிறகு கேட்டேன், “ஏன் சொல்ல விடல?”

“கெழவி நாலு பேருகிட்ட பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியுது. ஒங்களுக்கு என்னா கஷ்டம்? ஓசியில கவர்மெண்டு உத்தியோகம்.”

மாசக் கடைசி நெருங்கிவிட்டது. நான் முழுநேரம் போவதாகவே முடிவு செய்தேன். முடிவு என்றால், முட்டி ஜெயித்தது. ஒரு மனிதன் பிற்பகலில் தேநீர் குடிப்பதற்காக மனைவியின் காலை நொண்டவிட்டான் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது அல்லவா? மறுநாள் மேனேஜரைப் பார்த்துச் சொல்லிவிடுவது என்று மலாயில் ஒரு வாக்கியம் கூடத் தயார் செய்துவைத்திருந்தேன்.

மறுநாள் காலை பெரட்டு முடிந்து மண்டோர் ஆபீசுக்கு வந்தான். கையில் இலையில் கட்டிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, இரண்டு பொட்டலம்.

“பசியாறிட்டியா அரைப்பேரு?”

“இன்னைக்கோட அந்தப் பேரு முடிஞ்சிச்சி. முழுப்பேரு ஆகப் போறேன்.”

“அப்படிப் போடு! வூட்ல என்னா சொல்லுச்சி?”

“என் இஷ்டமாம்.”

மண்டோர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சிரித்தான். அவனுடைய பேத்திகள் இருவரும் என் மனைவியின் வேனில்தான் போகிறார்கள். அவன் சோற்றைப் பிசைந்தபடி பேச்சை வேறு பக்கம் திருப்பினான்.

“அப்ப இனிமே ஒன் சம்சாரமும் அந்த டியூசன் ஓட்டத்த எடுத்துக்கிரும்.”

“என்னா டியூசன் ஓட்டம்?”

“ஒனக்குத் தெரியாதா? போன வருசமே டவுன்ல டியூசன் சென்டர்காரி கேட்டா. ரெண்டரைக்கு ஏத்தணும், அஞ்சுக்கு எறக்கணும். நல்ல காசு. எம் பேத்திங்களும் போவுது, எனக்கும் லேசா இருக்கும்னு நான்தான் ஒன் சம்சாரத்துகிட்ட சொல்லிவிட்டேன். வேணாம்னுருச்சி.”

“ஏன்?”

“நானும் அததான் கேட்டேன். ‘ரெண்டு மணிக்கு மேல எனக்கு டூட்டி இருக்கு அண்ணே’ன்னுச்சி. வேற எங்கயோ பார்ட் டைம் செய்யுதுன்னு நெனச்சேன். எங்க செய்யுது?”

நான் சம்பலில் கிடந்த நெத்திலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டேய், எங்கடா செய்யுது?”

“வீட்டுப் பக்கத்துல,” என்றேன். “ரம்புத்தான் மரத்துக்குக் கீழ.”

அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகு அவன் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் தன் பொட்டலத்திலிருந்த முட்டைத் துண்டை எடுத்து என் சோற்றில் வைத்துவிட்டு, “ரெண்டு பேருமா அரைப்பேரு?” என்றான். “நாசமாப் போங்க.” அப்படியே எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

அன்று மேனேஜர் அறைக் கதவு திறந்தே இருந்தது. நான் போகவில்லை. ஒரு மணி எப்போது வரும் என்று காத்திருந்து, நாயைக்கூடச் சுற்றாமல் தாண்டிக்கொண்டு கிளம்பினேன்.

வேன் வந்து நின்றது. அவள் கதவுகளைத் திறந்துவிட்டுக் காலை நீட்டினாள். நான் என் இடத்தில் மடங்கி உட்கார்ந்தேன். பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினேன். பிறகு கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன்.

“ரெண்டு மணிக்கு மேல ஒனக்கு என்னா டூட்டி?”

கண்ணாடியில் அவள் கண் வேறு பக்கம் போனது.

“மண்டோர் அண்ணன் வாயில ஒன்னும் நிக்காது.”

“எவ்ளோ நல்ல ஓட்டம். ஏன் வேணான்ன?”

“முட்டி வலி. மூணு ஓட்டமே முடியல.”

“அதத்தானே அவன்கிட்ட சொல்லியிருக்கலாம். டூட்டின்னு ஏன் சொன்ன?”

ரம்புத்தான் இலை ஒன்று உள்ளே விழுந்தது. அதை எடுத்து வெளியே போட்டாள்.

“தெரியாமத்தான் கேக்குறீங்களா,” என்றாள். “இத்தன வருசம் நீங்க வர்றப்ப நான் போனேன், நான் வர்றப்ப நீங்க போனீங்க. இப்பத்தான் ஒரு மனுசன் பின்னாடி ஒக்காந்து தொணதொணன்னு பேசிக்கிட்டு இருக்காரு. அதுல பாதி எனக்கு வெளங்கல. தூங்கிக்கூடப் போயிர்றேன். ஆனா தூங்கறப்ப பின்னாடி யாரோ பேசிக்கிட்டு இருந்தா நல்லா இருக்கு. அவ்ளோதான்.”

“அப்ப ஏன் ‘உங்க இஷ்டம்’ன்ன?”

“வேணாம்னு சொன்னா, என் முட்டிக்காக நீங்க சண்டை போடுவீங்க. போங்கன்னு சொன்னா, நெசமா போயிருவீங்க. வேற என்னா சொல்லச் சொல்றீங்க?”

பல நாடுகளின் காதல் கதைகளை நான் மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறேன். அவற்றில் யாரும், நீ பேசினால் எனக்குத் தூக்கம் வருகிறது என்று காதலைச் சொன்னதில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஏதாவது பொருத்தமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தொண்டையைச் செருமினேன்.

“கைய உள்ள எடுங்க,” என்றாள். கை உண்மையிலேயே வெளியேதான் இருந்தது.

ஆனால் அத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இன்னும் சிக்கலாகத்தான் ஆனது. முன்பு என் ஒருவனின் சுகத்துக்கும் அவள் முட்டிக்கும் இடையில் இருந்த வழக்கில், இப்போது அந்த முட்டிக்காரியே என் கட்சியில் சேர்ந்துவிட்டாள். அவளே வேண்டாம் என்கிறாள் என்பதற்காக அந்தக் கார்டை விட்டுவிடலாமா? எங்களுக்கு வயது குறையப் போகிறதா? இரண்டு நாள் இதைத் தலைக்குள் போட்டு உருட்டினேன். கடைசியில் எனக்குத் தோன்றியது இதுதான்: முட்டிக்குக் காத்திருக்க ஒரு வரிசை எங்காவது இருக்கும். இந்தப் பகலுக்கு வரிசை கிடையாது. போனால் போனதுதான். சரியான முடிவா என்று இன்றுவரை தெரியாது. முட்டி வலிக்கும் நாள்களில் தப்பு என்று தோன்றுகிறது.

மேனேஜர் அறைக்குப் போனேன். தயார் செய்துவைத்த வாக்கியம் பயன்படாது என்பதால், அவசரமாகப் புதிதாக ஒன்று செய்துகொண்டு போய்ச் சொன்னேன். நான் சம்பிலானாகவே இருந்துவிடுகிறேன் என்பது அதன் பொருள். என் வாயிலிருந்து வெளியே வந்தபோது அது செம்பிலானாகியிருந்தது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒம்போது மணிக்கா அங்கிள்? ஒம்போது ரொம்ப லேட் லா. எட்டரைன்னா பரவால்ல, நான் மேல பேசிப் பாக்குறேன்.”

எனக்குப் புரிவதற்குள் அவர் அரை மணி நேரத்தை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அவ்வளவு நல்ல மனிதரிடம் மறுபடி விளக்குவது சங்கடமாக இருந்தது. ஒன்பது இல்லை, பகுதிநேரம். ‘செ’ இல்லை, ‘ச’ என்று விரலால் காற்றில் எழுதிக் காட்டினேன். அவர் முதலில் விழித்தார், பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“அப்படின்னா நம்ம மாநிலமே பகுதிநேர மாநிலம்தான் அங்கிள். ஆனா ஏன்? பகல்ல வேற வேலை பாக்குறீங்களா? டாக்சி ஓட்டுறீங்களா?”

“ரெண்டு மணிக்கு மேல டூட்டி இருக்கு,” என்றேன்.

“என்னா டூட்டி?”

“பின் சீட்ல உக்காந்திருக்கிற டூட்டி.”

அவருக்கு விளங்கவில்லை. அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது. அடுத்த வருடம் இடம் காலியானால் மறுபடி கேட்பேன் என்றார். கேளுங்கள் என்றேன். அவர் கேட்டால் மறுபடியும் இதே தலைவலி வரும் என்பது எனக்குத் தெரியும்.

வெளியே மண்டோர் நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

“மழை வந்திருச்சா?”

“வந்திருச்சி.”

“போ போ. நனையாமப் போ.”

அன்று பகல் வேனில் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டத்தான் செய்தாள்.

“கார்டு?”

“போச்சி.”

“அப்ப என் முட்டிக்கு?”

“நான் தைலம் தேச்சி அமுக்கிவிடறேன்.”

“ஒங்க கை பட்டா இருக்கிற முட்டியும் போயிரும். தள்ளுங்க, பிளாஸ்க்க எடுங்க.” சொல்லிக்கொண்டே காலைத் தூக்கி, முன் சீட்டுகளின் இடைவெளி வழியாக என் மடியில் வைத்துவிட்டாள். அந்த இடுக்கில் அதை எப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. வேன் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்த வளைவு வரும். நான் தைலப் போத்தலைத் திறந்தேன்.

அப்போது அவள் போன் அடித்தது. ராசா சின்னம்மா. அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது: “என்னா ஆச்சு புள்ள? மாப்பிள்ள எஸ்டேட்டுக்கே போயிட்டாரா?”

மனைவி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“இல்ல சின்னம்மா. அவரு செம்பிலான்லயே இருந்துக்கிறாராம்.”

அவள் சொன்னது ‘செ’வா, ‘ச’வா என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் சின்னம்மா சொன்ன ஸ்தோத்திரம் பின் சீட்டு வரை தெளிவாகக் கேட்டது.